அம்மன் எனக்குக் கொடுத்த குமட்டல்

வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் தாய்மார்களே, வர முடியாமல் வீட்டிலிருந்தே கும்பிடும் பெண்களே, மாரியாத்தா உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் காக்கட்டும்.

எனக்குப் புற்றுநோய் வந்தது. மார்பில் வந்தது. கோயிலில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. “அந்த இடத்தில் அந்த நோய்” என்று காதோடு காதாகப் பேசுவீர்கள். நான் சொல்கிறேன். என் உடம்பு, என் நோய், என்னைக் காப்பாற்றியவள் என் தாய். மறைக்க எனக்கு என்ன இருக்கிறது.

என் பேர் பாக்கியம். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மகள் சுமதி எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்று விட்டேன். அவள் எழுதினால் எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்து எழுதிவிடுவாள். இதில் அருவருப்பான சங்கதிகள் இருக்கின்றன. அவற்றைத் துடைத்துவிட்டால் அம்மன் செய்தது என்னவென்றே உங்களுக்குப் புரியாது. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் படியுங்கள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆடிக் கூழ் ஊற்றி முடித்த வாரம். நம் கோயில் மாதர் பகுதி ஒரு பஸ் ஏற்பாடு செய்தது. கிள்ளானில் ஒரு கிளினிக்கில் பெண்களுக்கு மார்பைப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள், மெமோகிராம் என்று அதற்குப் பேர், விருப்பமுள்ளவர்கள் பேர் கொடுங்கள் என்றார்கள். நான் கொடுக்கவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்துகொண்டு என் மகள் போனிலேயே கொடுத்துவிட்டாள்.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. நான் மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் தலை நரைக்கும்வரை வேலை செய்தவள். கையுறைக்குள் காற்றை அடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. என் விரலுக்குத் தப்பி ஒரு ஓட்டைக் கையுறை பெட்டிக்குள் போனதில்லை. குளிக்கும்போது என் மார்பையும் தடவிப் பார்க்கிற வழக்கம் உண்டு. கட்டி இல்லை. வலி இல்லை. பிறகு எதற்கு நான் ஊரார் முன் துணியைக் கழற்ற வேண்டும் என்று சுமதியிடம் சண்டை போட்டேன். அவள் விடவில்லை. போனேன்.

அந்த அறையில் ஒரு மலாய்ப் பிள்ளை இருந்தாள். நல்ல பெண். என்னை ‘மாக்சிக்’, அத்தை, என்று மரியாதையாகத்தான் அழைத்தாள். உடம்பில் பெடாக் போட்டிருக்கிறீர்களா என்று மலாயில் கேட்டாள். பெடாக் என்றால் பவுடர். நான் இல்லை என்றேன். நான் பவுடர் போடுகிறவள் இல்லை. என் வீட்டில் பவுடர் டப்பாவே கிடையாது. நான் பூசுவது திருநீறு. தினமும் காலையில் குளித்துவிட்டு, நெற்றி, கழுத்து, நெஞ்சு, இரண்டு புயம் என்று தண்ணீரில் குழைத்துப் பூசுவேன். அன்றைக்குப் பயத்தில் நெஞ்சு முழுக்க அப்பிக்கொண்டு போயிருந்தேன். காய்ந்ததும் பாதி உதிர்ந்து கீழே இறங்கியிருக்கும். அது அம்மன் பிரசாதம். அதைப் போய்ப் பவுடர் என்று எவளாவது சொல்வாளா?

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. செத்துப்போன என் புருஷனைத் தவிர யார் கையும் படாத இடத்தை, அந்தப் பிள்ளை பிசைந்த மாவை எடுப்பது போல எடுத்து ஒரு தட்டின் மேல் வைத்தாள். மேலேயிருந்து இன்னொரு தட்டு இறங்கி நசுக்கியது. எனக்கு முன்னால் எத்தனை பேருடைய வேர்வை பட்ட தட்டோ என்று நினைத்தேன். என் கண் முன்னால்தான் துடைத்தாள், ஆனாலும் மனசு கேட்கவில்லை. மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். அழுகை வந்தது, அதையும் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஒரு கட்டி சோப்பைத் தேய்த்துக் கரைத்தேன்.

சில நாள் கழித்துச் சுமதிக்கு போன் வந்தது. படத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் புள்ளிகள் தெரிகின்றன, தோலின் மேல் ஏதாவது ஒட்டியிருந்தாலும் அப்படித் தெரியும், உள்ளே சதையில் இருந்தாலும் அப்படித் தெரியும், எதுவென்று சொல்ல முடியவில்லை, நன்றாகக் கழுவிவிட்டு எதுவும் பூசாமல் மறுபடி வரவேண்டும் என்றார்களாம்.

சுமதி என்னிடம் கேட்டாள், “ம்மா, அன்னிக்கு நெஞ்சுல திருநீறு பூசிட்டா போனீங்க?”

“பின்ன பூசாம எங்கடி போயிருக்கேன் நான்?”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் இதைச் சொன்னேன். மாதர் பகுதியை நடத்துகிற கமலத்தை உங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் அனுமதியோடுதான் அவள் பேரை எழுதுகிறேன். கமலம் விழுந்து விழுந்து சிரித்தாள். “பாக்கியக்கா, ஆத்தா துன்னூற மெஷினு நோய்ன்னு காட்டிருச்சு. அதுக்கு என்ன தெரியும், அது ஜப்பான் மெஷினு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அன்றைக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? மறுபடி அந்தத் தட்டுக்கு நடுவில் நிற்க வேண்டாம். திருநீற்றைக் கழுவிவிட்டு வா என்று ஒரு மெஷின் எனக்குச் சொல்வதா என்று வீறாப்பும் வந்துவிட்டது. குறித்துக் கொடுத்த நாளில் நான் போகவில்லை. சுமதி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பகலில் வீறாப்பாக இருந்தேன். தனியாகச் சோற்றின் முன் உட்காரும்போது மட்டும் பயம் வரும். தோலின் மேல் இருந்தாலும் அப்படித்தான் தெரியும், உள்ளே இருந்தாலும் அப்படித்தான் தெரியும். இந்த ஒரு பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தடவிப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து திரும்பத் தடவிப் பார்ப்பேன். சோறு இறங்காது. அம்மன் படத்துக்கு முன்னால் போய் நின்று, “தாயே, இது உன் திருநீறா, இல்லை நோயா? நான் எங்கே போக வேண்டும் என்று நீ காட்டு. நான் படிக்காதவள், எனக்கு விளங்குகிற மாதிரி காட்டு” என்று கேட்டேன். வேறெதுவும் கேட்கவில்லை. நோயே இருக்கக் கூடாது என்றுகூடக் கேட்கவில்லை. எங்கே போக வேண்டும் என்றுதான் கேட்டேன்.

என் முகம் வாடியிருப்பதைப் பார்த்துக் கமலம் ஒரு வழி சொன்னாள். கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பாரில் ஒருவர் இருக்கிறாராம். அம்மன் அருள் வந்தவராம். கத்தி வைக்காமல், ஊசி போடாமல், உள்ளே இருக்கிற விஷத்தைக் கையாலேயே எடுத்து வெளியே காட்டுவாராம். இருந்தால் எடுத்துவிடுவார், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுவார், உனக்கும் சந்தேகம் தீரும் என்றாள். அம்மன் வழி காட்டிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கமலத்தின் காரில் போனோம்.

இனி எழுதப் போவதுதான் நான் முன்பே சொன்ன அருவருப்பான சங்கதி.

ஒரு வீட்டின் பின்பக்கம், தகரம் போட்ட கொட்டகை. உள்ளே நுழைந்ததும் ஒரு நாற்றம். கருவாடு காய்கிற ஊர், அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். அது அல்ல. எங்களுக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஒரு பக்கத்து மார்பின் மேல் துண்டை மடித்து வைத்து, மேலே பெரிய சட்டை போட்டிருந்தாள். துண்டு ஈரமாகி மஞ்சள் பூத்திருந்தது. நாற்றம் அவளிடமிருந்துதான் வந்தது. அவளுக்கே அது தெரிந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, “மன்னிச்சுக்குங்கக்கா” என்றாள். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டேன். முதலில் ஒரு சின்னப் புள்ளியாக இருந்ததாம், ஐயாவிடம்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாளாம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் வெளியே வருகிறதாம்.

அந்த மனிதன் வந்தான். ஐயா என்று எழுத என் கை கூசுகிறது. வெற்றிலைச் சாறு தாடியில் வழிந்துகொண்டிருந்தது. நகத்தில் அழுக்கு. அம்மன் படத்துக்குச் சாத்தியிருந்த சிவப்புத் துணியின் ஓரத்தில் கையைத் துடைத்தான். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அதில் துடைத்தான். எச்சில் விரலைப் பழைய பால்மாவு டின்னுக்குள் விட்டுத் திருநீறு எடுத்தான். அந்தப் பெண்ணின் துண்டை விலக்கி எல்லார் எதிரிலும் அழுத்தினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு கருப்பாக, கொழகொழவென்று ஒன்றை எடுத்து எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, “பாத்துக்குங்க, இன்னிக்கு இவ்வளவு வந்துருச்சு” என்று காட்டினான்.

நான் வாழ்க்கை முழுவதும் உற்றுப் பார்த்தே சம்பாதித்தவள். அது கோழி ஈரல். அவன் முழங்கை மடிப்பில் ஒளித்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். கிண்ணத்தின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது.

அடுத்து என்னைப் பார்த்து, “ஆத்தா, மேல் துணிய எடுத்துட்டு முன்னால வாங்க” என்றான்.

எனக்கு அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு குமட்டல் பிள்ளை உண்டாகியிருந்தபோதுகூட எனக்கு வந்ததில்லை. கையால் வாயைப் பொத்தினேன். நிற்கவில்லை. அவன் காலடியிலேயே வாந்தி எடுத்தேன். பால்மாவு டின்னின் மேலும் தெறித்தது. எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு நேரே வெளியே நடந்துவிட்டேன்.

கமலம் பின்னாலேயே ஓடிவந்து ரோட்டோரத்தில் என்னைப் பிடித்தாள். அவளுக்கு ஆத்திரம்.

“என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? சாமி காரியத்துல அருவருப்புப்படலாமா?”

“நான் ஆத்தாகிட்ட வழி கேட்டேன் கமலம். இந்தக் குமட்டலைக் குடுத்தவ அவதான். இதுக்கு மேல எனக்கு எப்படிச் சொல்லுவா அவ?”

“மெஷினைப் பாத்தும்தான் அருவருப்புன்னீங்க.”

இது சரியான கேள்வி. நான் நின்று யோசித்தேன். மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. அன்று அந்த மலாய்ப் பிள்ளையின் அறையில் எனக்கு வந்தது வெட்கம். துணியை அவிழ்த்தேனே என்கிற வெட்கம். அதைத்தான் நான் அருவருப்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அந்தப் பிள்ளை தட்டைத் துடைத்தாள், கை கழுவினாள், கதவைச் சாத்தினாள், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தொட்டாள். அருவருப்பு என்றால் என்னவென்று அம்மன் எனக்குக் காப்பாரில் காட்டிக்கொடுத்தாள். ஒன்றை ஒன்றின் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். படிக்காதவளுக்கு விளங்குகிற மாதிரிதான் காட்டினாள்.

“அதுக்குப் பேரு கூச்சம் கமலம். இதுக்குப் பேருதான் அருவருப்பு. வண்டிய எடு, வீட்டுக்குப் போலாம்” என்றேன். அவள் வண்டியை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சுமதிக்கு போன் போட்டு, “கூட்டிட்டுப் போடி” என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அழுதாள்.

போகிற நாள் காலையில் குளியலறையில் நின்றேன். சொந்தப் புருஷன் செத்த அன்றைக்குக்கூட நான் திருநீறு இல்லாமல் வெளியே போனதில்லை. “தாயே, உன்னுடையது எதுவோ அது இந்தத் தண்ணீரோடு போகட்டும். போகாமல் எது நிற்கிறதோ அதை அவர்கள் கண்ணுக்குக் காட்டிக்கொடு” என்று சொல்லித் தேய்த்துக் கழுவினேன். நெற்றியில்கூட வைக்கவில்லை. வெறும் நெற்றியோடு ரயில் ஏறியது, ஏதோ துணியில்லாமல் போவது போல இருந்தது.

அதே மலாய்ப் பிள்ளைதான். எடுத்து முடித்ததும் பழைய படத்தையும் புதுப் படத்தையும் டாக்டர் அருகருகே வைத்துக் காட்டினார். சீனப் பெண்மணி, வயசானவர். பழைய படத்தில் ரவை இறைத்தது போலத் தோலோரமாக எங்கும் வெள்ளை. புதுப் படத்தில் அதெல்லாம் போய்விட்டிருந்தது. சுமதி என் கையை அழுத்தினாள். நானும் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

டாக்டர் விரல் வைத்த இடத்தை அப்புறம்தான் பார்த்தேன். இடது பக்கம், ஆழத்தில், ஒரு சிட்டிகை வெள்ளை அப்படியே நின்றிருந்தது. பொடிப் பொடியாக, ஒரே இடத்தில் நெருக்கமாக. தண்ணீர் போக முடியாத இடத்தில்.

அங்கிருந்து கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஊசியால் அந்த இடத்துச் சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான். அதிலும் வேகமாக வளர்ந்து பரவுகிற சாதி என்றார்கள். ஆனால் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, இன்னும் எங்கேயும் பரவவில்லை என்றார்கள். என் விரலுக்கு ஏன் தெரியவில்லை என்று நான் ரோஷத்தோடு கேட்டேன். அங்கிருந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னதைச் சுமதி எனக்குத் தமிழில் சொன்னாள். விரலுக்குத் தெரிய வேண்டுமானால் அது கட்டியாக வேண்டும், இந்தச் சாதி கட்டியாகித் தெரிகிற நேரத்தில் சில சமயம் அக்குள்வரை போயிருக்கும், மெஷின் அதற்கு முன்னாலேயே சிலவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். மெஷினும் எல்லாவற்றையும் பார்த்துவிடாது, அதனால் கைக்கு ஏதாவது மாற்றம் தெரிந்தால் படம் நன்றாக இருக்கிறது என்று சும்மா இருந்துவிடக் கூடாது, வர வேண்டும் என்றும் சொன்னார். இரண்டையும் எழுதச் சொல்லி என் மகள் சொன்னாள், எழுதிவிட்டேன்.

நோயிருந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். மார்பு இருக்கிறது, ஒரு பக்கம் பள்ளமாக. கீமோ மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள், கதிர் வைத்தார்கள், ஊசி ஒரு வருடம் போட்டார்கள். அது சுகமாக இருந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வாயில் செப்புக்காசு வைத்தது போல ஒரு ருசி. நான் சமைத்த சாம்பாரே எனக்கு நாறியது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. என் வாயிலிருந்து வந்த வாடையை நானே தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், என் முகத்திலிருந்து நானே. அந்த நாட்களில் நம் கோயிலில் எனக்கு மட்டும் காகிதக் கப்பில் தீர்த்தம் கொடுத்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். இது ஒட்டுகிற நோய் இல்லை என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் எவர்சில்வர் டம்ளருக்கு ஒன்றும் ஆகிவிடாது.

அந்த ஊசியும் முடிந்துவிட்டது. போன மாதம் படம் எடுத்தார்கள், சுத்தமாக இருக்கிறது. தாயே, உன் காலில் விழுகிறேன். எனக்கு நீ கனவில் வரவில்லை. பூ விழவில்லை, பல்லி சொல்லவில்லை. நாற்றமடிக்கிற ஒரு கொட்டகையில் என் வயிற்றைப் புரட்டி, திரும்பிப் போடி என்று அனுப்பினாய். அதைவிடப் பெரிய அருள் நான் கண்டதில்லை.

கமலம் பஸ் ஏற்பாடு செய்வதை விடவில்லை. இப்போது நானும் கூடப் போகிறேன். பஸ்ஸிலேயே ஒவ்வொருத்தியையும் கேட்கிறேன், நெஞ்சில் என்ன பூசியிருக்கிறாய், திருநீறா, சந்தனமா, மஞ்சளா, பவுடரா, அக்குளில் வாசனை மருந்தா. எதுவாக இருந்தாலும் கிளினிக்கில் முதலில் அதைத் துடை, படம் எடுத்த பிறகு எத்தனை வேண்டுமானாலும் பூசிக்கொள் என்கிறேன். முதல் தடவை துடைக்கச் சொன்னபோது ஒருத்தி அபசாரம் என்றாள். என்னைப் பார், கழுவியதற்கு ஆத்தா என்னை என்ன செய்துவிட்டாள் என்று கேட்டேன். துடைத்தாள். போன தடவை கமலமும் தன் படத்தை எடுத்துக்கொண்டாள். வெளியே வந்து, “வலிக்கத்தான் செய்யுதுக்கா, ஆனா செத்துப் போற வலி இல்ல லா” என்றாள்.

ஒன்றே ஒன்று என்னை விடாமல் அரிக்கிறது. காப்பாரில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண். சுமதியையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குத் திரும்பப் போனேன். கொட்டகை பூட்டியிருந்தது, அவன் எங்கோ போய்விட்டான். பக்கத்தில் விசாரித்தேன், அவள் பேர் யாருக்கும் தெரியவில்லை. போலீசிலும் சொல்லியிருக்கிறோம். அவளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கோயிலில் கொடுக்கிற இந்தத் தாள் எத்தனையோ வீட்டுக்குப் போகும்.

அம்மா, இது உன் கைக்கு வந்தால், அல்லது துண்டை மடித்து வைத்துக்கொண்டு உன்னைப் போலவே ஒதுங்கி உட்கார்ந்திருக்கிற வேறு யார் கைக்காவது வந்தால், கோயிலில் பாக்கியம் வீடு எது என்று கேள், காட்டுவார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் கூட வருகிறேன். டாக்டரிடம் சுமதியைப் பேசச் சொல்கிறேன். நேரமாகிவிட்டதே என்று நீ முடிவு செய்யாதே, அதை அவர்கள் சொல்லட்டும். நாற்றமடிக்கிறதே என்று கூசாதே. அன்றைக்கு எனக்குக் குமட்டியது உன்னைப் பார்த்து இல்லை. மாரியாத்தா அறிய, உன்னைப் பார்த்து இல்லை. வந்து என் பக்கத்தில் நாற்காலியைத் தள்ளிப் போடாமல் உட்கார்.